காதைப் பொத்திய அம்மன்

ஜால்ராவைக் காணவில்லை.

மண்ணூர்பேட்டையில் ஒரு காதுகுத்து. தெருவை அடைத்து சாமியானா போட்டு, வாசலில் வாழைமரம் கட்டி, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மைக்செட் சின்னசாமியுடையது. எப்போதும்போல ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குரல் வந்தது. தவில் வந்தது. நெஞ்சில் இடிக்கிற பேஸ் வந்தது. அம்மன் பாட்டில் எல்லாவற்றுக்கும் மேலே சில்லென்று ஒன்று சிதறிக்கொண்டே போகுமே, அந்த ஜால்ரா மட்டும் வரவில்லை. எழுந்துபோய் குழாய் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நின்று பார்த்தார். அங்கேயும் இல்லை.

ஒரு பொருளைக் காணவில்லை என்றால் அது தொலைந்திருக்கும் என்று சின்னசாமிக்குத் தோன்றவே தோன்றாது. எவன் எடுத்தான் என்றுதான் தோன்றும். செருப்புக்கும் அப்படித்தான், ஸ்பேனருக்கும் அப்படித்தான். ஜால்ராவுக்கும் அப்படியே தோன்றியது.

சமீபத்தில்தான் குழாய்களின் யூனிட்டுகளைக் கழற்றிக்கொண்டுபோய்ப் பூந்தமல்லி நஜீரிடம் கொடுத்து டயாப்ரம் மாற்றி வாங்கி வந்திருந்தார். குழாயின் பின்பக்கம் திருகியிருக்கிற உருண்டைதான் யூனிட். அதற்குள் வெங்காயத் தோல் மாதிரி ஒரு தகடு இருக்கும், அதுதான் டயாப்ரம். அது துடித்தால்தான் சத்தம். நல்ல தகடு போட்டால் பாட்டு கண்ணாடி மாதிரி வரும். மட்டமானதைப் போட்டால் போர்வைக்குள்ளிருந்து பாடுவது மாதிரி வரும். ஆகவே கணக்கு நேராகிவிட்டது. நல்லதை உருவிக்கொண்டு மட்டத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டான் பாய்.

தன் காதில் கோளாறு இருக்கலாம் என்று ஒரு நிமிடம்கூட அவர் நினைக்கவில்லை. எப்படி நினைப்பார்? மீசை முளைத்ததிலிருந்து இதுதான் வேலை. கல்யாணம், கருமாதி, கட்சிக் கூட்டம், கூழ் ஊற்றுதல் என்று அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் அவர் குழாய் கட்டாத தெரு கிடையாது. ராத்திரி முழுக்கப் பாட்டு ஓடினால் பாக்ஸில் தலை சாய்த்தே தூங்குவார். காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறவனைப் பார்த்தால் அவருக்கு இளப்பம். "பஞ்ச வெச்சிக்கினு இன்னா மைக்செட்டு? மூக்க மூடிக்கினு சமையல் பண்றா மாதிரி" என்பார். விசேஷம் முடிந்தால் காது அடைத்துக்கொள்ளும், உள்ளே கீச் என்று ஒன்று கத்தும். தூங்கி எழுந்தால் விட்டுவிடும். பின்னாளில் அது விடவில்லை. அந்தக் கீச்சு உள்ளேயே குடிவந்துவிட்டது. காலையில் பல் தேய்க்கும்போது கத்தும், சாப்பிடும்போது கத்தும். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மைக்செட்காரனுக்குக் காதில் கோளாறு என்று வெளியே தெரிந்தால் எவன் கூப்பிடுவான்?

மறுநாளே யூனிட்டுகளைக் கோணியில் போட்டுக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனார்.

நஜீரின் கடை ஒரு ஆள் கை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடுகிற அகலம். பின்னால் திரை, திரைக்குப் பின்னால் வீடு. இரண்டு வாடிக்கைக்காரர்கள் நின்றிருந்தார்கள்.

"இன்னா பாய், கட ஜோரா ஓடுது போல. என் சாமானத்துலயா?" என்றார் சின்னசாமி.

நஜீர் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு சிரித்தார். "வாங்கண்ணே. என்ன காலையிலயே சூடா இருக்கீங்க?"

"ஒரிஜினல் தகட்ட உருவிட்டு டூப்ளிகேட்டு போட்டு அனுப்பிக்கிற. நான் படிக்காதவன்தான், அதுக்காக கேணயன் இல்ல."

நஜீர் கோணியைப் பிரித்தார். ஒரு யூனிட்டை எடுத்து ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, ஒரு பக்திப் பாட்டைப் போட்டார்.

"நல்லாத்தானே வருது? ஜால்ரா கேக்குது பாருங்க."

"எங்க கேக்குது?"

"இதோண்ணே. இப்பக்கூட."

"எங்கய்யா கேக்குது? நீ கேக்குதுன்னு சொன்னா நானும் ஆமான்னு தலையாட்டணுமா?"

நஜீர் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நின்றிருந்த இரண்டு பேரையும் பார்த்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பாட்டை நிறுத்தினார்.

"சரிண்ணே. எல்லாத்தையும் இங்க வைங்க. உங்க கண்ணு முன்னாலயே பாக்கெட்டப் பிரிச்சு வேற போட்டுத் தரேன்."

சின்னசாமிக்கு அது போதும். திருட்டு பிடிபட்டவன் இப்படித்தான் அடங்குவான் என்று எடுத்துக்கொண்டார். திரும்பி வாடிக்கைக்காரர்களிடம், "பாத்துக்கோங்கப்பா, ஒங்க கண்ணு முன்னாலயே ஒத்துக்கினான். திருட்டுப் பய" என்றார். திரை அசைந்தது. நஜீரின் மனைவி லத்தீஃபா தேநீர்க் குவளையோடு வந்தவர், அப்படியே உள்ளே திரும்பிப் போய்விட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மைக்செட்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்ஆப் குழு இருந்தது. சின்னசாமிக்குப் போனில் எழுத வராது, பேசத்தான் வரும். புதுத் தகடு போட்டு வாங்கிய யூனிட்டுகளோடு பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னாலேயே போனை வாயருகே வைத்துப் பொத்தானை அழுத்தினார். "மண்ணூர்பேட்ட சின்னசாமி பேசறேன். பூந்தமல்லி நஜீர் பாய் கடயில ஒருத்தனும் யூனிட்டு குடுக்காதீங்க. நல்லத உருவறான். என் காதால கேட்டுட்டுத்தான் சொல்றேன்."

என் காதால கேட்டுட்டு. அந்த வார்த்தை பிறகு அவரைப் பாடாய்ப் படுத்தியது.

ஆடி ஞாயிற்றுக்கிழமை. தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். நஜீர் புதுத் தகடு போட்டுக் கொடுத்த குழாய்களைத்தான் சின்னசாமி கட்டியிருந்தார். வேறு வழியில்லை, கையில் அவைதான் இருந்தன. உச்சி வெயில். கூழ் அண்டாவைச் சுற்றிக் கூட்டம். பம்பைக்காரர்கள் இருவர் உடுக்கை, சிலம்போடு மைக் முன்னால் நின்று வர்ணித்துப் பாட, நடுவில் வேம்புலியம்மாள் மஞ்சள் புடவையில், தலைவிரி கோலமாய், வேப்பிலையோடு ஆடிக்கொண்டிருந்தாள். அம்மன் வருவதென்றால் அந்தத் தெருவில் அவள் மேல்தான் வரும்.

சின்னசாமி மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து காதைத் தீட்டினார். பம்பை இருந்தது, குரல் இருந்தது. உடுக்கையின் நுனிச் சத்தம் இல்லை, சிலம்பு இல்லை. மறுபடியும் மட்டத்தைத்தான் போட்டிருக்கிறான் பாய். கண் முன்னால் பாக்கெட்டைப் பிரித்தானே, பாக்கெட்டே டூப்ளிகேட்டாக இருக்கும். உச்சச் சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிள் திருகைக் கொஞ்சம் ஏற்றினார். போதவில்லை. இன்னும் ஏற்றினார். கடைசி வரைக்கும் திருகினார்.

காதுக்குள் குடியிருந்த கீச்சு கொஞ்சம் பெரிதானது போல இருந்தது. வெயிலுக்கு இன்னிக்கு ஜாஸ்தியா கத்துது என்று நினைத்துக்கொண்டார். ஆனால் உடுக்கை இப்போது லேசாகத் தெரிந்தது. அப்பாடா என்று முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியோடுதான் தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தார்.

கூட்டம் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு நின்றது.

கூழ் ஊற்றிய பெண்கள் கரண்டியைப் போட்டுவிட்டிருந்தார்கள். இடுப்புக் குழந்தைகள் வாயைப் பிளந்து அழுதன. பம்பைக்காரன் மைக்கைக் கையால் மூடினான். அம்மன் இன்னும் இறங்காத வேம்புலியம்மாள் வேப்பிலையைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மிக்ஸரைப் பார்த்து ஓடிவந்தாள்.

"யார்றா அவன் மைக்செட்டு! கூழு குடிக்க வந்தவ காதக் கிழிக்கிறியாடா பாவி!"

சின்னசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. சிரிப்பு மாறாத முகத்தோடு, "இன்னா தாயி?" என்றார். விழாக் குழு அப்பாவு பாய்ந்துவந்து ஒயரைப் பிடுங்கினார். எல்லாம் நின்றது. காதுக்குள் கத்தியதில் பாதியும் நின்றது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்தப் பாதி வெளியே கத்தியிருக்கிறது. ட்ரெபிளை ஏற்ற ஏற்ற மைக் கூவியிருக்கிறது, ரயில் விசில் மாதிரி. தெருவே கேட்டிருக்கிறது. மைக்செட்காரன் ஒருவன்தான் கேட்காமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"இன்னாய்யா, தூங்கிட்டியா?" என்றார் அப்பாவு.

"ஆமா" என்றார் சின்னசாமி. "வெயிலு. கண்ணு அசந்துட்ச்சு."

தூங்கினேன் என்று சொல்வது அவருக்கு அப்போது மானமாகப் பட்டது.

தெரு விடுமா? அடுத்த நாள் டீக்கடையில் ஒருவன், "இன்னா மாமே, அம்மனே காதப் பொத்திக்கினாளாமே! அடுத்த வருசம் கூழோட பஞ்சும் வெச்சிப் படைக்கணும் போல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சின்னசாமியும் சிரித்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மகள் எழிலரசி மட்டும் சிரிக்கவில்லை. "நைனா, ஆசுபத்திரிக்குக் கெளம்பு" என்றாள்.

"எனுக்கு இன்னா?"

"நீ டிவி வெக்கிற சத்தத்துல எதுர் ஊட்டு அக்கா அவங்க ஊட்ல டிவியே போடறதில்ல. நம்ம ஊட்டு சீரியலயே கேட்டுக்கினு கீறாங்க. நான் கூப்ட்டா திரும்ப மாட்ற, அம்மா கூப்ட்டா திரும்பற. அம்மா கொரலு தவிலு மாதிரி, அதனால. கெளம்பு."

முகப்பேரில் ஒரு காது டாக்டர். முதலில் ரோஷினி என்று ஒரு பெண், கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் அவரை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

சின்னசாமிக்கு இது ஏமாற்று வேலை என்று உள்ளே நுழைந்ததுமே தெரிந்தது. கேட்காத சத்தத்தைப் போட்டுவிட்டுக் கேட்கவில்லை பார் என்பார்கள், பிறகு காது மிஷினைத் தலையில் கட்டுவார்கள். இவர் மட்டும் லேசுப்பட்ட ஆளா? கண்ணாடி வழியாக அந்தப் பெண்ணின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் அசைந்தால் அவள் எதையோ அழுத்துகிறாள் என்று அர்த்தம். உடனே இவரும் அழுத்தினார். தோள் அசைந்தது, அழுத்தினார். அசைந்தது, அழுத்தினார்.

கதவு திறந்தது. "ஐயா" என்றாள் ரோஷினி, நிதானமாக. "நான் இப்ப தண்ணி குடிச்சேன். சத்தம் எதுவும் போடல."

வெளியே எழிலரசி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் காப்பியடித்து மாட்டியதற்கு அப்புறம் அவருக்கு முகம் அப்படி எரிந்தது அன்றைக்குத்தான். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். கேட்டபோது அழுத்தினார். பெரும்பாலும் சும்மாவே உட்கார்ந்திருந்தார். அந்தச் சும்மா இருந்த நேரம்தான் பயமாக இருந்தது.

டாக்டர் ராகவன் ஒரு படம் வரைந்த தாளைக் காட்டினார். கோடு நேராக வந்து, சட்டென்று பள்ளத்தில் விழுந்தது.

"காதுக்குள்ள நத்தைக் கூடு மாதிரி சுருட்டிக்கிட்டு ஒண்ணு இருக்கு. உள்ள தண்ணி. அதுல கண்ணுக்குத் தெரியாத முடிங்க, நாத்து நட்ட மாதிரி. சத்தம் வந்தா அதுங்க அசையும், அசைஞ்சாத்தான் மூளைக்குத் தகவல் போவும். நீங்க வருசக்கணக்கா பாக்ஸ் பக்கத்துலயே இருந்திருக்கீங்க. அதுங்க நசுங்கிப்போச்சு."

"விசேசம் முடிஞ்சா காது அடைக்கும் சார். காலைல சரியாப்பூடும்."

"சரியான மாதிரி இருக்கும். சாஞ்ச நாத்து கொஞ்சம் நிமிர்ந்துக்கும். திரும்பத் திரும்ப மிதிச்சா எத்தனை தடவைதான் நிமிரும்? பாட்டுதானே, நல்லதுதானேன்னு அதுக்குத் தெரியாது. லாரி சத்தமும் ஒண்ணுதான், சாமி பாட்டும் ஒண்ணுதான். எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம், அவ்வளவுதான்."

"மறுபடி மொளைக்குமா?"

"தலைமுடி மொளைக்கும். இது மொளைக்காது. இருக்கிறதக் காப்பாத்திக்கலாம். மிஷின் வெச்சா பேச்சு தெளிவாகும். இன்னைக்கே வாங்கணும்னு இல்ல, யோசிச்சு வாங்க." அவர் தாளில் பள்ளத்தைத் தொட்டார். "முதல்ல போறது எப்பவுமே உச்சச் சத்தம்தான். அதைக் கேக்கிற முடிங்கதான் வாசல்லயே நிக்குது, எல்லா அடியும் அதுங்க மேலதான் விழும். விசில், கொலுசு, பறவை கத்துறது, ஜால்ரா..."

"ஜால்ராவா?" என்றார் சின்னசாமி.

"ஆமா. தவிலு கேக்கும், ஜால்ரா கேக்காது."

எழிலரசி ஏதோ கேட்டாள், டாக்டர் ஏதோ சொன்னார். சின்னசாமிக்கு எதுவும் ஏறவில்லை. நஜீர் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு தன் முகத்தைப் பார்த்த பார்வைதான் கண்ணில் நின்றது. திறந்து மூடிய வாய் நின்றது.

போகவில்லை. நஜீரிடம் நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளினார். போய்ச் சொன்னால் நஜீரின் பெயர் நிமிரும், தன் பெயர் படுத்துவிடும். ட்ரெபிள் கேட்காதவன் மைக்செட் நடத்துகிறான் என்றால் காறித் துப்ப மாட்டார்களா? தூங்கிவிட்டான் என்பதே இருந்துவிட்டுப் போகட்டும். பாய்க்கு ஆயிரம் வாடிக்கை, ஒரு சின்னசாமி சொல்லியா கடை சாய்ந்துவிடும்?

ஆவடி கிருபாகரன் ஒயர் கடன் கேட்டு வந்தான். இவனும் மைக்செட்தான், அந்தக் குழுவில் இருப்பவன்.

"நல்லவேள சொன்ன அண்ணாத்தே" என்றான், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "நாங்க யாரும் இப்ப பாய் கடப் பக்கமே போறதில்ல. அன்னிக்கி அந்தப் பக்கம் போனேன், ஆளு சும்மா குந்திகினு கீறாரு, மேசைல ஒரு யூனிட்டு இல்ல. ஒன்னுது பாம்புக் காதாச்சே. வேற எவன் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டோம்."

பாம்புக் காது. சின்னசாமி ஒயரை எடுத்துவரப் போகிறவர்போல உள்ளே போனார். அவனைத் திட்ட வேண்டும் போல இருந்தது. திட்ட எந்த முகாந்திரமும் இல்லை.

மறுநாள் பூந்தமல்லிக்கு பஸ் ஏறினார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். கடையில் யாராவது இருந்தால் திரும்பிவிட வேண்டும். யாரும் இல்லையென்றால் காதோடு காதாக இரண்டு வார்த்தை. பாய்க்குத் தெரிந்தால் போதும், ஊருக்கு எதற்கு?

கடையில் யாருமில்லை. நஜீர் ஒரு பழைய டேபிள் ஃபேனைப் பிரித்துவைத்திருந்தார். யூனிட்டு ரிப்பேர் செய்த கை.

"வாங்கண்ணே" என்றார். அதே குரல்தான்.

சின்னசாமி மேசைமேல் குனிந்து, அவர் காதருகே வாயை வைத்து, ரகசியமாகச் சொன்னார். "பாய், தப்பு என்னுதுதான். ஒன் தகட்டுல ஒரு கொறயும் இல்ல. என் காதுதான் பூட்ச்சு. டாக்டரே சொல்லிட்டாரு."

நஜீர் உள்ளங்கையைக் கீழே காட்டி மெதுவாக அசைத்தார். போகட்டும் விடுங்க என்கிறார் என்று சின்னசாமி எடுத்துக்கொண்டார். மனசு இளகி, இன்னும் குனிந்தார். "திருடன்னு சொன்னேனே பாய். நாலு பேரு முன்னால சொன்னேனே. கோயில்ல மைக்கு கூவினது எனுக்குக் கேக்கல பாய், தூங்கினேன்னு பொய் சொல்லிக்கினு கீறேன். வெளிய தெரிஞ்சா ஒருத்தனும் கூப்ட மாட்டான். நீ மட்டும் மனசுல வெச்சிக்கோ."

நஜீரின் கை இன்னும் அசைந்துகொண்டிருந்தது. கண்கள் அவரைத் தாண்டி வெளியே பார்த்தன. சின்னசாமி திரும்பினார்.

பக்கத்துப் பைக் கடைக்காரர் வாசலில் நின்றிருந்தார். எதிர்ப் பழக்கடையில் எடை போட்ட கை அந்தரத்தில் நின்றது. வண்டியில் போன ஒருவன் காலை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். லத்தீஃபா திரையை விலக்கிக்கொண்டு நின்றார்.

"அண்ணே" என்றார் நஜீர், தணிந்து. சின்னசாமிக்குப் புரியட்டும் என்று உதட்டை நன்றாக அசைத்தார். "மெதுவா பேசுறதா நெனச்சுக்கிட்டீங்களா?"

காது போனவனுக்குத் தன் குரலின் அளவும் தெரியாது. ரகசியம் என்று நினைத்து மேடைப் பேச்சு பேசியிருக்கிறார். சின்னசாமி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வெட்கம் காலிலிருந்து ஏறியது. மன்னிப்பை ஊரறியக் கேட்டதுகூடத் தானாகக் கேட்டதில்லையே, வாய் காட்டிக்கொடுத்தல்லவா கேட்டிருக்கிறோம் என்று இருந்தது.

"ஒனக்கு அன்னிக்கே தெரியுமா பாய்?"

"அதுக்கு முந்தியே தெரியும்ணே. நீங்க பேசறவங்க வாயையே பாப்பீங்க."

"அப்ப வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமேய்யா! நான் திருடன் இல்ல, ஒனக்குத்தான் காது டமாரம்னு."

"ரெண்டு பேரு நின்னுட்டிருந்தாங்களே" என்றார் நஜீர். "மைக்செட்காரரப் பாத்து ஆளுங்க முன்னாடி எப்படிண்ணே சொல்றது?"

"இவரு சொல்ல மாட்டாரு" என்றார் லத்தீஃபா. அவர் குரல் தவில் மாதிரி இல்லை, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் சின்னசாமிக்குக் கேட்டது. "பெரிய மனுசர். பெரிய மனுசனா இருந்து ஃபேன் கழட்டிட்டு இருக்காரு. நீங்க இப்ப சொன்னது தெருவுல நாலு பேருக்குத்தான் கேட்டுச்சு. அன்னிக்கு போன்ல சொன்னது ஆவடி வரைக்கும் கேட்டுச்சே, அது?"

"லத்தீஃபா" என்றார் நஜீர்.

"அந்தம்மா சொல்றது நாயம்" என்றார் சின்னசாமி.

போனை எடுத்தார். குழுவைத் தேடிப் பிடித்துப் பொத்தானை அழுத்தினார். இந்தத் தடவை சத்தத்தைக் குறைக்க அவர் முயற்சி செய்யவில்லை.

"மண்ணூர்பேட்ட சின்னசாமி பேசறேன். நஜீர் பாயப் பத்தி நான் சொன்னது பொய்யி. அவரு போட்டது நல்ல தகடு. எனுக்குக் காது பூட்ச்சு. ஜால்ரா கேக்காது, விசில் கேக்காது. அன்னிக்கி கோயில்ல நான் தூங்கல. எவனாவது பாக்ஸு பக்கத்துல படுக்கறவன் இருந்தா எந்திரிங்கடா. அவ்ளோதான்."

விரலை எடுத்தார். போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது, குரல் பதிவு. கிருபாகரன். சின்னசாமி போனைக் காதில் அழுத்திக் கேட்டார். குரல் இருந்தது. முனை இல்லை. வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் களி மாதிரி வந்தன. நடுவில் யாரோ சிரிப்பது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. மறுபடி போட்டார். விளங்கவில்லை. போனை நஜீரிடம் நீட்டினார்.

"இன்னா சொல்றான்?"

நஜீர் கேட்டார். லத்தீஃபாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நஜீர் முழுக்கக் கேட்டுவிட்டு, போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"உடம்பப் பாத்துக்கச் சொல்றான்ணே" என்றார்.

அவன் அதைச் சொல்லவில்லை என்பது சின்னசாமிக்கு நன்றாகத் தெரிந்தது. பழைய சின்னசாமியாக இருந்தால் போனைப் பிடுங்கிக்கொண்டுபோய்ப் பழக்கடைக்காரரிடம் போட்டுக் காட்டி, நீ சொல்லுய்யா என்றிருப்பார்.

"அப்டியா" என்றார்.

போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். லத்தீஃபா தேநீர் கொண்டுவரவில்லை. பிரித்துக் கிடந்த டேபிள் ஃபேனின் மூடியை நஜீருக்காகப் பிடித்துக்கொண்டு சின்னசாமி அங்கேயே உட்கார்ந்திருந்தார்.